செவ்வாய்க்கிழமை கிளினிக்

2025 மார்ச் 1, சனி

நேற்று மத்தியானம் படுத்தவள் இன்று காலை பத்து மணிக்கு எழும்பினேன். ஆறு ரொட்டி தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தின்றுவிட்டு மறுபடி படுத்தேன்.

இந்த டயரி வெள்ளவத்தையில் நான் வேலை செய்த சலூனுடையது. முன் பக்கங்களில் மணப்பெண்களின் பெயர்களும் நேரங்களும் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஒரே முகூர்த்த நாளில் மூன்று பெண்கள், நான்கு பெண்கள். பெப்ரவரி பதினேழுக்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. அன்றுதான் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் சுதாகரன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பொகவந்தலாவையிலிருந்து இரண்டு பஸ். வழி முழுக்க மாஸ்க் போட்டிருந்தார். நோயாளி நான், மாஸ்க் அவருக்கு.

மனநல கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே சொன்னேன். என்ன பாவித்தாய்? ஐஸ் போதைத்தூள். எவ்வளவு காலம்? இரண்டரை வருடம். எப்படித் தொடங்கியது? கல்யாண சீசனில் விடிய விடிய அலங்காரம். தூக்கம் வராமலிருக்க கூட வேலை செய்தவள் தந்தாள். எல்லாம் உண்மை. யாருடைய கதையையோ சொல்வது போல இருந்தது.

இதை நிறுத்துவதற்கென்று தனி மருந்து இல்லையாம். தூக்கம், சாப்பாடு, பேச்சு, வாரா வாரம் வருவது. சில வாரங்களுக்கு மனம் கீழே கிடக்கும், சாக வேண்டும் போல் தோன்றினால் உடனே வரச் சொன்னார். எனக்கு ஏமாற்றம்தான். ஊசி ஒன்று போட்டு அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஆலோசகரிடம் விட்டார்கள். பெயர் குணபூசணி. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தங்கி வைத்தியம் செய்ய முடியாதா என்று அண்ணன் கேட்டார். “பொம்பிளையளுக்கு இடம் கிடைக்கிறது கஷ்டம், தம்பி. பேரைக் குடுத்து வைப்பம். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமையளில இஞ்ச வரட்டும்” என்றார். என்னைப் பார்த்து, “எழுதுவீரோ? பெரிசா ஒண்டும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதும்” என்றார்.

எழுதியாயிற்று.

மார்ச் 6, வியாழன்

என் மகள் லோஜினியை அண்ணன் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். தேயிலைத் தோட்டத்தின் அடுத்த டிவிசன், நடந்தால் அரை மணித்தியாலம். “நீ சரியாகுற வரைக்கும் பிள்ள எங்ககூட இருக்கட்டும்” என்றார். எப்போது சரியாவேன் என்று யார் சொல்வது? கேட்கவில்லை. அவளுடைய உடுப்பை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

எனக்கு டெங்கு என்று அண்ணன் லயத்து வரிசை வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறார். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் காளியாயி அக்கா, பென்ஷன் எடுத்தவள், கண்டியில் இருக்கும் மகளிடம் சொல்லி பப்பாளி இலை வரவழைத்திருக்கிறாள். இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “ஒரே முழுங்கா முழுங்கிரு தாயி.” முழுங்கினேன். இரத்தம் கூடுமாம். நாளைக்கும் கொண்டு வருவாள்.

மார்ச் 18, செவ்வாய்

கிளினிக். சிறுநீர் சுத்தம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 27, வியாழன்

சோறு வைக்கோல் போல. டீவி பார்த்தால் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. அழுகையும் வரவில்லை. இந்தச் சலிப்பு இப்படியே இருந்துவிடுமா? மூளை திரும்பவும் பழக மாதக்கணக்கு எடுக்கும் என்று குணபூசணி மிஸ் சொன்னார். மாதக்கணக்கு!

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. அண்ணனும் அண்ணி தனுஷிகாவும் லோஜினியைக் கூட்டி வந்தார்கள். புதுச் சட்டை. தலை வாரிவிடவா என்றேன். அண்ணியின் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஏழு வயதுதான். பலகாரம் எடுக்க நான் குசினிக்குப் போகத் திரும்பினேன். “அம்மா, எங்க போறீங்க? பத்து நிமிஷமா?” என்று கேட்டாள்.

அண்ணி வெளியே போய்விட்டாள்.

இதை இதுவரைக்கும் எழுதவில்லை. எழுதணும். பெப்ரவரி இருபத்திரண்டு. சப்பாத்து வாங்கித் தாறேன்னு சொல்லி பிள்ளையை ஹட்டன் கூட்டிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார வச்சேன். பத்து நிமிஷத்துல வாறேன்னு சொன்னேன். எங்க போனேன்? எங்க போவேன் — ஐஸ் விக்கிறவன்கிட்டதான். மூணு மணித்தியாலம். மழை வேற. டைம் கீப்பர் அவ கொப்பியில இருந்த நம்பரைப் பாத்து அண்ணனுக்கு அடிச்சிருக்காரு. நான் திரும்பி வந்தப்ப அந்த பெஞ்சுல யாரும் இல்ல. நான் பதறக்கூட இல்ல. அதுதான். பதறக்கூட இல்ல நான். என்ன பிறவி நான்?

ஏப்ரல் 29, செவ்வாய்

கிளினிக்குக்குப் போகவில்லை. ஹட்டனில் இறங்கிக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

அண்ணன் அடித்தார். ஒரு அடி. பிறகு அவரே படியில் உட்கார்ந்து அழுதார். அம்மா அழவில்லை. இன்று காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போனாள். பானையில் சோறு, வாளியில் தண்ணீர், மூலையில் இன்னொரு வாளி. “தெறந்து விட்டா போயிருவ. என்னால தேட முடியாது” என்றாள்.

சொன்னது சரிதான்.

மே 6, செவ்வாய்

அம்மா கொழுந்து எடுக்கப் போகாமல் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். சிறுநீர் கேட்பதற்கு முன்னமே சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று குனிந்திருந்தேன்.

“வந்திட்டீர்தானே” என்றார் குணபூசணி மிஸ். “சரி, சொல்லும். ஆர் முதலில கோல் எடுத்தது?”

நான்தான். யாரும் என்னைத் தேடி வரவில்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், என்ன யோசித்தேன் — எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ‘பத்து நிமிஷமா?’ என்று அவள் கேட்டதிலிருந்து இரண்டு வாரம் அதையே யோசித்தேன் என்றேன். “வெக்கம் தாங்கேலாமத்தான் போயிருக்கிறீர். அதைத்தான் முதல்ல பாக்கவேணும்” என்றார். போனில் இருந்த ஐஸ் விற்பவர்களின் நம்பர்களை அவர் முன்னாலேயே அழித்தேன்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டு, “பூட்டிப்போட்டுப் போகாதேங்கோ, அம்மா. ஒரு ஆபத்தெண்டா என்ன செய்வா?” என்றார். அம்மா தலையாட்டினாள். புதன்கிழமை சேர்த்து எழுதுகிறேன்: இன்று மறுபடி பூட்டினாள்.

மே 31, சனி. பள்ளிக்கூட மண்டபம்

வியாழக்கிழமை நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

மூன்று நாள் விடாத மழை. அன்றும் அம்மா பூட்டிவிட்டு மலைக்குப் போனாள். பதினொரு மணி இருக்கும். பின்சுவரில் பெரிய மூட்டையை எறிந்த மாதிரி ஒரு சத்தம். குசினிச் சுவர் வெடித்துச் சேறு உள்ளே வந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். முன்கதவை உதைத்தேன். நகரவில்லை. கத்தினேன். இரண்டரை வருடம் கழித்து முதல் தடவையாக, சாகக் கூடாது என்று நினைத்தேன். அதைக் குறித்துக்கொள்கிறேன்.

காளியாயி அக்கா அலவாங்கு என்ற இரும்புக் கடப்பாரையோடு வந்தாள். அறுபத்தெட்டு வயது. நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. “டெங்குக்காரிய எதுக்குடி பூட்டி வச்சிருக்கா?” என்று கத்திக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் கோயில் பக்கம் ஏறிய பிறகு எங்கள் காம்பராவின் கூரை உட்கார்ந்தது. லயத்தில் யாருடைய உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் கூடை கையிலிருந்து விழுந்தது. இருபத்திரண்டு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. காளியாயி அக்கா விடவில்லை.

“சொல்லு மீனம்மா. எதுக்குப் பூட்டுன?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “டெங்கு இல்ல அக்கா. ஐஸு. எம் மக ஐஸ் பாவிச்சா. ஆஸ்பத்திரில மருந்து பாக்குறோம். நான்தான் பூட்டுனேன். நானே கொன்னுருப்பேன்.”

காளியாயி அக்கா என் பக்கம் திரும்பினாள். “அப்ப நான் குடுத்த பப்பாளிச் சாறு?” என்றாள்.

“குடிச்சேன் அக்கா. எல்லாத்தையும்.”

அவள் சிரிக்கவில்லை. பாய் ஒன்றை இழுத்து தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள். “இங்க படு” என்றாள்.

ஜூன் 2, திங்கள்

அண்ணனுக்குக் கோபம். “ஊருக்கே சொல்லணுமா?” என்று அம்மாவிடம் கத்தினார். “பொய் சொல்லித்தான்டா கதவப் பூட்டுனேன்” என்றாள் அம்மா.

தண்ணீர்க் குழாயடியில் மேல் லயத்து அக்கா ஒருத்தி வந்து நின்றாள். சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்காரருக்கும் அதே கததான். செவ்வாக்கெழம எத்தன மணி பஸ்ஸு?” என்றாள். பாதை திறந்ததும் சொல்கிறேன் என்றேன்.

சிலர் பிள்ளைகளை என் பக்கம் விடுவதில்லை. அதையும் எழுத வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

சும்மா இருக்க முடியவில்லை. மண்டபத்துப் பிள்ளைகளின் தலையில் சிக்கும் பேனும். சீப்பு ஒன்று கேட்டு வாங்கி, காளியாயி அக்காவின் பேத்திக்கு முதலில் பின்னிவிட்டேன். மணப்பெண்ணுக்குப் போடும் ஐந்து கால் பின்னல். பிறகு இன்னொரு பிள்ளை. பிறகு வரிசை. கை தானாக வேலை செய்தது. ஒரு மணித்தியாலம் வேறு எதையும் நினைக்கவில்லை.

எட்டாவதாக வந்து உட்கார்ந்த தலையைத் தொட்டதும் தெரிந்தது. அண்ணி சாமான் கொடுக்க வந்தபோது லோஜினியும் கூட வந்திருக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு, “எனக்கும் அதே மாரி” என்றாள்.

அவசரப்படாமல் பின்னினேன்.

ஜூன் 24, செவ்வாய்

கிளினிக். சுத்தம். பஸ்ஸில் மூன்று பேர் போனோம். மேல் லயத்து அக்கா, அவளுடைய புருஷன், நான். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். முதல் நாள் அப்படித்தான்.

ஜூலை 15, செவ்வாய்

கிளினிக். தங்கும் இடத்தில் ஒரு இடம் இருக்கிறதாம். போகிறீரா என்று மிஸ் கேட்டார். யோசித்து, இப்போது வேண்டாம் என்றேன். “நல்லது. விழுந்தா உடன வாரும், அப்ப பாப்பம்” என்றார். விழமாட்டீர் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

தற்காலிகக் கொட்டிலில் இருக்கிறோம். ஆசை இன்னும் வருகிறது. பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணிக்கு. அந்த நேரம் காளியாயி அக்காவிடம் போய் உட்காருகிறேன். அவள் தன் மருமகளைத் திட்டுவாள். ஐந்து மணியாகிவிடும்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் தோளில் லோஜினி. உடம்பு கொதித்தது. போன மாதம் வாந்தி எடுத்தபோது அண்ணி வேலைக்குப் பேர் போடாமல் தானே வீட்டில் இருந்து பார்த்தாள். இன்று பிள்ளையை என் மடியில் வைத்தாள். “மருந்து பையில இருக்கு. நாங்க வேலைக்குப் போறோம். பாத்துக்க ஷாமிலா” என்றாள். அண்ணன் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அம்மாவும் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கிளினிக்குக்கு கோல் எடுத்தேன். “பிள்ளையைப் பாரும். வாற கிழமை வாரும்” என்றார் மிஸ்.

எட்டு மணிக்கு சிரப் கொடுத்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் கஞ்சி. பன்னிரண்டு மணிக்கு ஈரத்துணி போட்டேன். ரெண்டு மணிக்கு மறுபடி சிரப். இப்போது வியர்த்து, காய்ச்சல் இறங்கியிருக்கிறது. என் வலது கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். எடுத்தால் முழித்துவிடுவாள். இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாகத்தான் வருகிறது.