நான் விற்காத நேற்றுப் பாண்

என் அன்பு மணியம், பாண் பெட்டி சுமந்தே இரண்டு அங்குலம் குட்டையாகிப்போன என் மச்சானே,

நீ போய்ப் பதினோரு நாளாகிறது. மழை இன்னும் விடவில்லை. உன் வீட்டுக் கூரை ஒழுகுகிற இடத்தில் உன் மகன் வாளி வைத்திருக்கிறான். நீ வைத்த அதே இடம், அதே வாளி. பேக்கரிப் பாண் விற்கிற சூன்பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நாம் தொண்டை கிழியக் கத்திய வேலையை இப்போது ஒரு ஸ்பீக்கர் செய்கிறது. அதற்குச் சளியும் பிடிப்பதில்லை.

ஊர்க்கதை சொல்வதால் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. கோபம்தான். உன்னைத் திட்டுவதற்காகவே உட்கார்ந்தேன்.

நம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வருகிறவர்களுக்குப் பாணும் பிளேன் டீயும்தான். தோட்டத்தில் யாராவது கண்ணை மூடினால் நம் பெட்டி சீக்கிரம் காலியாகும். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு காலை மட்டும் வேகமாகப் போடுவோம். அப்போது பேசிக்கொண்டோம்: நம்மில் யார் முதலில் போனாலும் மற்றவன்தான் பாண் கொண்டு வர வேண்டும். நீ முந்திக்கொண்டாய். எதில்தான் முந்தவில்லை?

நான் வாக்குத் தவறவில்லை. விடிந்ததும் மஸ்கெலியா பேக்கரியில் நின்று, சுடச்சுட வாங்கி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உன் நினைப்பாலா, தொடை வெந்ததாலா, எனக்கே தெரியவில்லை.

உன் வாசலில் பாணைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேல் லயத்து லெச்சுமி அக்கா, பல் இரண்டுதான் மிச்சம், தன் பாண் துண்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். முகர்ந்தும் பார்த்தார்.

“ஏம்ப்பா சின்னராசு, இது இன்னைக்குப் பாண்தானே?”

“இப்பத்தான்கா பேக்கரி போறணை அடுப்புல இருந்து வந்துச்சு. சுடுதுல்ல?”

“சூட்டுக்கென்ன. நீதான் நேத்துப் பாணுக்கு ஆவி காட்டி விக்கிற ஆளாச்சே.”

“யாருக்கா சொன்னா?”

அக்கா மென்றுகொண்டே முகவாயால் உன்னைக் காட்டினார். நீ மாலை போட்டுக்கொண்டு படுத்திருந்தாய்.

“அந்தா, அவன்தான். வீடு வீடா வந்து சொன்னானே. ‘அக்கா, பிள்ளைகளுக்கு வயித்த வலிக்கும், பாத்து வாங்குங்க’ன்னான். அதான் நாங்கல்லாம் உங்கிட்ட வாங்குறத விட்டோம். ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது மணியம். நாற்பது வருஷமாகத் தெரியாது.

கீழ் லயம் உனக்கு, மேல் லயம் எனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே சுமந்தோம். ஒரு வாரம் முழுக்க என் பெட்டி நிறைந்தபடியே திரும்பி வந்தது. “நாளைல இருந்து வராத” என்றார் பேக்கரி முதலாளி. என் பெட்டியும் உன் தலைக்குப் போனது. அன்று பாலத்தடியில் உட்கார்ந்து அழுதவனின் தோளில் கை போட்டு நீ என்ன சொன்னாய்?

“ஒன் கொரலுதான்டா காரணம். தவள கத்துற மாதிரி இருக்கு. அதக் கேட்டா யாருடா கதவத் தொறப்பா?”

நம்பினேன். அன்றிலிருந்து கோயில் பஜனையில் வாயை மட்டும் அசைத்தேன். கல்யாண வீட்டு மேடைக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்றேன். பேச வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அதை நகைச்சுவை என்று நாலு பேர் படிக்கிறார்கள். எல்லாம் ஒரு தவளையின் பயம்.

அதற்குப் பிறகு தினமும் முதலை வடிவக் கிம்புலா பணிஸ் ஒன்றைக் கொண்டு வந்து, சீனி அதிகமாக இருக்கிற வால் பக்கத்தை எனக்குப் பிய்த்துத் தருவாய். அதை உன் கல்யாணத்தன்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? நீயும் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டாய். வெட்கம் என்று நினைத்தேன். ஏண்டா, அது என்ன? கேட்டிருந்தால் மேல் லயத்தில் பாதியைத் தந்திருப்பேனே? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

மிச்சப் பாணைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடத்தான் நினைத்தேன். உன் மனைவி நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்கள். உட்கார்ந்து பிய்த்துக் கொடுத்தேன். பாணைப் பொடிப்பொடியாகப் பிய்த்ததைப் பார்த்தவர்கள், கூட்டாளி போன துக்கம் என்றார்கள். அதுவும் பொய் இல்லை.

முப்பதாம் நாள் உனக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். நான் வருவேன், இது சத்தியம். மேல் லயத்து முதல் வாசலிலிருந்து உன் படம் வரைக்கும் இந்தத் தவளைக் குரலில் “பாண், பாணேய்” என்று கத்திக்கொண்டே வருவேன். யார் யார் கதவைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். உன் இலையில் ஒரு கிம்புலா பணிஸ் வைப்பேன். வால் பக்கம் எனக்கு. தலைப் பக்கம் உனக்கு.

அதை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுவேன். ஆவி காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்த,
இன்னமும் உன் மச்சானாகவே இருக்கிற,
மேல் லயத்துப் பாண்காரன் சின்னராசு