குத்திப் பார்க்காத மூட்டை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனநல டாக்டர் கேட்ட தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். 'பதினாறு வயதுவரை இவரை அப்பா எப்படி வளர்த்தார்? உடன்பிறந்தவர் எழுதவும்.' பாசம் காட்டினாரா? மிகவும். கவனித்துக்கொண்டாரா? மிகவும். எல்லாக் கேள்விக்கும் அதேதான். ஐந்து நிமிஷ வேலை.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா உன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். நான் பன்னிரண்டு வயதில் பயறு மண்டியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது அப்பா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்து, "பெரியவன் தாங்கிக்குவான்டி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வராத மனச்சோர்வு உனக்கு ஏன் வந்தது? அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

இப்படிக்கு,
அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். தாளை டாக்டரிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் இதுவரை அவரிடம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிற கை என்னுடையதாகத் தெரியவில்லை அண்ணா. யாரோ பாடம் நடத்த, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்ப்பதுபோல் இருக்கிறது. சின்ன வயதில், "பசிக்குதா தம்பி?" என்று யார் கேட்டாலும், "அவனுக்குப் பசிக்காது" என்று அப்பாதான் பதில் சொல்வார். பசிக்கிறதா என்று எனக்கு இன்றைக்கும் தெரிவதில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளித்தேன் என்று தாழ்ப்பாளையே கழற்றினார். எனக்குப் பதினைந்து வயது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தது நீங்கள்.

நீங்கள் சைக்கிளில் தனியாக மண்டிக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். என் வயிறும்தான் எரிந்தது.

அன்புடன்,
தம்பி

மார்ச் 15

தம்பி,

கடிதத்தை மண்டியில் நின்றபடியே படித்தேன். தாழ்ப்பாள் நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். "டேய் பெரியவனே, இங்க வாடா" என்று அப்பா என்னைக் கூப்பிட்டாரே! உன் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

நாற்பது வருஷமாக ஒரு பயறு மூட்டையைக்கூட ஊசியால் குத்தி எடுத்துப் பார்க்காமல் நான் தரம் சொன்னதில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்றுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முதல் தரம் என்று போட்டுவிட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடு. உன்னை நேரில் பார்க்கத் துணிவில்லாமல் உன் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்ப் புதுத் தாள் வாங்கி நிரப்பி, கையெழுத்தும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'சொந்தமாக முடிவெடுக்க விட்டாரா?' இல்லவே இல்லை. 'தனிமை கொடுத்தாரா?' இல்லை. தாழ்ப்பாள் கதையை ஓரத்தில் எழுதி, கழற்ற உதவியது நான் என்றும் சேர்த்திருக்கிறேன். தைரியமாகக் கொடு.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அப்பா உன் பக்கத்திலேயே இருந்தாரே என்று இப்போதும் குறுகுறுக்கிறது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் ஒரு தாள்தான் கொடுத்தாள். இன்னொன்று கேட்க வாய் வரவில்லை. நீ டாக்டரைப் பார்க்கும்போது கேட்டுச் சொல்: ஐம்பத்திரண்டு வயதுக்காரன் தனக்கென்று ஒன்று நிரப்பலாமா?

அண்ணன்