மார்பில் ஒட்டிய காற்று

ஓவெர்ன் மலை, பிரான்ஸ்

அன்புள்ள அப்பா,

உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? அம்மா சுகமா? நீங்கள் அனுப்பிய இலவங்கப்பட்டை பிஸ்கட் வந்தது. நான் வேலை செய்யும் சீஸ் பட்டறையில் ஒரே நாளில் காலி.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை நண்பர்களோடு எரிமலைக் கணவாய்க்குச் சைக்கிளில் ஏறினேன். இறங்கும்போது குளிர்காற்று நெஞ்சில் அறையாமலிருக்க, உச்சியில் எல்லோரும் பனியனுக்குள் செய்தித்தாளைச் செருகினார்கள். நான் பிஸ்கட் சுற்றிவந்த நம்மூர்த் தாளைச் செருகினேன்.

“அது பெல்ஜியம் பேப்பர்டா! எங்க மலைக்காத்துக்கு அதைப் படிக்கத் தெரியாது, நேரா உள்ள பூந்துடும்” என்றான் ஃபிர்மன்.

பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கச் சாலையில் தூவிய எரிமலைச் சரளை ஒரு வளைவில் மிச்சமிருந்தது. லேசாகச் சறுக்கினேன். முட்டியில் சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அடிவாரத்துக் காபிக்கடை ஜில்பெர்த் அக்கா வேறெங்காவது அடியா என்று பனியனைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். வியர்வையில் தாளின் மை என் மார்பில் இடவலம் மாறி ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் காட்டி, “என்னப்பா எழுதியிருக்கு?” என்றார்.

“எங்க ஊர்ல காத்து பலமா அடிக்குமாம்க்கா.”

சிறுவயதில் கால்வாய் ஓரம், எதிர்காற்றில், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதிப்பேன். நான் வளர்ந்த பிறகு நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்தீர்கள். இங்கே ஏற்றம்தான் எதிரி. அதற்கு யார் முதுகும் உதவாது.

அடுத்த பொட்டலத்தையும் நம்மூர்த் தாளிலேயே சுற்றுங்கள், வானிலைப் பக்கமாக. பிஸ்கட் நொறுங்கினாலும் பரவாயில்லை.

பால் வண்டி வந்துவிட்டது, ஓட வேண்டும். காற்று பலமான நாளில் தனியாகச் சைக்கிளை எடுக்காதீர்கள், அப்பா. முன்னால் போக நான் அங்கே இல்லை.

லீவன்