பாவில் ஒரு சேலை பாக்கி

1968 மார்ச் 3
தறியில் உட்கார மனமில்லை. கொழும்புக்குப் போய்வரும் பட்டு வியாபாரி திருஞானசம்பந்தம் சொன்ன சேதி அப்படி. அங்கே புதிய மசோதா வருகிறதாம். குடியேற்றத் தாளில்லாமல் வந்தவர்கள் இப்போதே தாமாகப் போய்ச் சொன்னால் பத்திரமாகக் கப்பலேற்றி விடுவார்களாம். சட்டமான பிறகு அகப்பட்டால் சிறை.
என் வீட்டுக்காரர் போனது கள்ளத்தோணியில். அங்கே யாரோ ஒருவர் பட்டறையில் நெய்கிறார்.

மார்ச் 5
திருஞானசம்பந்தம் மறுபடி போகிறார். உடனே புறப்பட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 19
திருஞானசம்பந்தம் பதில் கொண்டுவந்தார். "பாவுல இன்னும் ஒரு சேலை பாக்கி இருக்குதாம்மா. முடிச்சிட்டுத்தான் வருவாராம்."
பாவு! தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழைகளை நடுவில் அறுத்தால் வீட்டுக்கு ஆகாது. எனக்குத் தெரியாதா? நானும் நெய்கிறவள்தான். பிடிக்க வரும் போலீசிடம் "முந்தானை பாக்கி, கொஞ்சம் இருங்க" என்பாரா? மனுசனா இவரு, தறிக்கட்டையா?

மார்ச் 24
கடுதாசி போட்டால் மடித்து வைத்துவிட்டு மறுபடி குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையிலெடுப்பார். என்ன செய்தால் எழுந்திருப்பார்?

மார்ச் 30
செய்துவிட்டேன். பாதி நெய்திருந்த என் பாவைக் கத்தரியால் அறுத்தேன். மாமியார் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார்.
"தாலி அறுத்துக்கின மாதிரி ஆச்சேமா!"
"தாலி நிக்கணும்னுதான் அத்தை அறுத்தேன்."
இருவரும் அழுதோம். அறுந்த இழைகளில் ஒரு பிடியைத் திருஞானசம்பந்தத்திடம் கொடுத்தேன். "நான் அறுத்துட்டேன், இனி அவரும் அறுக்கட்டும்னு சொல்லுங்க."

மார்ச் 31
பட்டு கொடுத்த முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார். கத்தட்டும்.

ஏப்ரல் 9
யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய்த் திறக்கிறேன். தட்டாவிட்டாலும்தான்.

ஏப்ரல் 17
கப்பலேறி வந்துவிட்டார்! கறுத்து, இளைத்து. முகம்கூடக் கழுவாமல் நேரே என் தறிக்குப் போய் நின்றார்.
"நெஜமாவே அறுத்துட்டியா, கலா?"
"நீங்க?"
ஆமென்று தலையாட்டினார்.

ஏப்ரல் 26
மசோதா சட்டமாகிவிட்டதாம். பிடிக்கத் தொடங்கிவிட்டார்களாம். திருஞானசம்பந்தம் வாசலில் நின்று சொல்லச் சொல்ல, இவர் நிமிரவே இல்லை. என் தறியில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் நான்.
"மெதுவா முறுக்குமா. அவசரப்பட்டா நிக்காது."
அங்கே அறுத்துவிட்டு வந்த சேலை என்ன நிறம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.