உன் உறைமோரும் ஸ்டெல்லாவின் கிண்ணமும்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் வீட்டுக்கு இனி யார் வீட்டு உறைமோர் என்பது நேற்று முடிவானது. தென்னேரியிலிருந்து சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு இதற்காகவே வந்தார். காலைக் காப்பியில் தொடங்கிய விவாதம் மதியச் சோறு வரை போனது. உன்னை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பதை இதைவிடச் சீக்கிரம் முடிவு செய்தோம்.

நீ போன அன்று, வழக்கப்படி, வீட்டில் சமைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டினார்கள். தயிரும் போனது. அதில்தான் மறுநாளைக்கு உறை இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஞாபகப்படுத்தக் கூடியவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

பிறகு அம்மாவுக்கு நெஞ்சுச் சளி, காய்ச்சல். மாத்திரையில் காய்ச்சல் நின்றது, வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் மாத்திரை கொன்றுவிட்டதாம். தயிர்சாதமாவது உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் அட்மிட்தான் என்றார் டாக்டர். உன்னைப் பார்த்த அதே டாக்டர்.

“கிருமியச் சாப்பிடச் சொல்றீங்களே சார், எங்க அக்கா கிருமியாலதானே செத்தாங்க?” என்றேன்.

பொறுமையாகச் சொன்னார். குடல் ஓரமாகக் காவல் செல்கள் நிற்கின்றனவாம். பழகின கிருமியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுமாம். சண்டைக்குக் கிளம்பும் செல்களை அடக்கி வைக்கவே தனியாகச் சில செல்கள் உண்டாம். கிருமி ரத்தத்தில் இறங்கினால் கதை வேறு. ஸ்கூட்டி ஸ்டாண்ட் உன் கால்விரலைக் கிழித்த இடத்தில் புகுந்ததை உன் செல்கள் எதிர்த்தன. பிறகு அவை அடங்கவில்லை. உன் கிட்னியைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தச் சண்டைதானாம்.

புரிந்ததா என்று கேட்டார். தலையாட்டினேன்.

பாக்கெட் தயிரை அம்மா மோந்துகூடப் பார்க்கவில்லை. “எம்பொண்ணு ஊத்தின உறை வேணும்பா.” அது ஒரே ஒரு வீட்டில்தான் மிச்சம். பின்வீட்டு ஸ்டெல்லா குடிவந்தபோது நீ மதிலுக்கு மேலே நீட்டினாயே, அந்த உறையைத்தான் அவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் வீட்டில் அம்மா தண்ணீர்கூடக் குடித்ததில்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று வெளியே சொல்வோம். காலனியிலிருந்து வந்தவர்கள் என்று உள்ளே சொல்வோம்.

கேட்டதும் ஸ்டெல்லா கிண்ணம் நிறையக் கொடுத்தார். “உங்க அக்காதுதான்பா, நா சும்மா வச்சிக்கினு இருந்தேன். கிண்ணம் மெதுவா குடு.”

“அண்ணி, இது உங்க பொண்ணு உறைதானே?” என்றார் சித்தப்பா.

“அவ வூட்டுக்குப் போய்ட்டு வந்திருக்குதே” என்றார் அம்மா.

“தயிருக்கு ஏது அண்ணி வூடு?”

“உனுக்கு வாய் மட்டும் நல்லா இருக்குது.”

கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னார்: “கிண்ணத்த மாத்திக் குடு.” உன் பீங்கான் ஜாடியில் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். “அவளுதுதான்” என்றார். அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. எனக்கும் இன்னும் அழுகை வரவில்லை. எப்போது வரும், அக்கா?

நேற்று இரண்டு வேளை சாப்பிட்டார். இன்று வயிறு தேவலை. அட்மிட் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்காமல் இந்த வீட்டில் தயிர் தீராது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டெல்லாவின் கிண்ணம் பின்வாசல் படிக்கு வெளியே இருக்கிறது.

உன் கூடப்பிறந்த
தம்பி