என் அறை ரிமோட் என் கையில்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம், மூக்குதான் ஒழுகுகிறது.

புதுவீட்டுக்கு உங்கள் அண்ணன் சொல்கிற டக்ட் ஏசி வேண்டவே வேண்டாம். நான் சமைக்கிற வீட்டில் அதுதான். கூரைக்குள் குழாய் ஓடி எல்லா அறைக்கும் ஒரே குளிர். கூட்டுவதும் குறைப்பதும் முதலாளி மட்டுமே. அவருக்கு வியர்க்கிறது, எனக்குப் பல் தந்தியடிக்கிறது.

பொறுக்கமுடியாமல், என் அறையில் காற்று வரும் ஓட்டையைப் பழைய உள்பாவாடையால் அடைத்தேன். அடைபட்ட குழாய் வியர்த்து, நேற்று ஹாலில் விருந்தாளியின் வழுக்கையில் சொட்டியது. மெக்கானிக் வந்து பாவாடையை உருவி, எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தார்.

"யாருதும்மா இது?"

"என்னுதுதான். குளிருச்சு. குடுங்க இப்படி," என்றேன்.

திட்டு விழும் என்று நினைத்தேன். முதலாளியம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளி, "எனக்கும்தான் குளிருது. நான் யாருகிட்ட சொல்றது?" என்றார்.

ஆகவே நமக்கு அறைக்கு அறை ஸ்ப்ளிட் ஏசி. அண்ணன் முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். என் அறை ரிமோட்டை உங்களுக்குக்கூடத் தரமாட்டேன்.

நீங்கள் போர்த்துகிற கம்பளியை அனுப்புங்கள். துவைத்துத் தொலைக்காதீர்கள், அப்படியே வேண்டும். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி