எட்டாவது பெயருக்குக் கறுப்புக் கண்ணாடி

வடகரப்பதி
9.1.2026

ருக்கியாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் உன் நம்பரை பிளாக் செய்தாயிற்று. பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் தபால்.

நம் ‘எல்லைத் தோட்டம்’ இணையதளத்தின் செய்திப் பலகையில், பெருமாட்டி விதைச் சந்தைக்கு வருகிறவர்கள் பெயரை நீதானே வரிசையாகப் போட்டாய்? அத்தனை பேரில் எனக்கு மட்டும், பெயருக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி இளிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சி! கார்த்திகையில் இடது கண்ணில் புரை எடுத்ததும், கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள்ளேயே கிடந்ததும் உன் ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்துத் தோட்டத்துக் கௌசிகாவிடம்கூட மெட்ராஸ் ஐ என்று சொல்லித்தான் சமாளித்தேன்.

என் மகனுக்குத் தெரிந்தால் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு, என்னைப் பெங்களூருக்கு மூட்டை கட்டிவிடுவான் என்று உனக்குத் தெரியாதா? நேற்று சந்துரு போன் செய்துவிட்டான். “ஏம்மா, கண்ணுக்கு என்னாச்சு? பலகைல உனக்கு மட்டும் கண்ணாடி போட்ட பொம்மை வெச்சிருக்காங்க?” “வெயிலுக்குடா கண்ணு” என்று புளுகினேன்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி வலது கண் ஆபரேஷனுக்கு நீ துணைக்கு வர வேண்டாம். நானே போகப்போவதில்லை. உன்னைப் போன்றவர்களைப் பார்க்க ஒரு கண் போதும்.

கமலாத்தாள்


காந்தலூர்
14.1.2026

அன்புள்ள, அன்புள்ள கமலாக்காவுக்கு,

நீங்கள் விட்டதையும் சேர்த்து நானே இரண்டாகப் போட்டுக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கடையில் பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய், “யாரும்மா மவுத்து?” என்று ஓடி வந்தார்.

பலகையைத் திறந்து பார்த்தால், யா அல்லாஹ், நீங்கள் சொன்ன மூஞ்சி அங்கேயே இருக்கிறது! நான் போடவில்லை அக்கா. நான் போட்டது எட்டு என்ற எண், அதன் பக்கத்தில் பிறை மாதிரி ஓர் அடைப்புக்குறி. அவ்வளவுதான்! பலகையை நடத்துகிற நவீன்குமாரைப் போனில் பிடித்து உலுக்கினேன். “அக்கா, புது வருசத்துக்குப் பலகைய மாத்துனனுங்க. புள்ளியோ எட்டோ அடைப்போட சேந்து வந்தா அதுவே மூஞ்சி ஆக்கிப்போடுதுங்க. இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுதுங்க” என்கிறார்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தில் இல்லை, பரபரப்பில்! கடைக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு எல்லாக் குறியையும் தட்டிப் பார்த்தேன். இரட்டைப் புள்ளிக்கு அப்புறம் அடைப்பை மூடினால் சிரிக்கிறது. திறந்தால் அழுகிறது. அரைப்புள்ளிக்கு அப்புறம் மூடினால் கண்ணடிக்கிறது! போன வாரம் ‘மலைப்பூண்டு தயார்:(காந்தலூர்)’ என்று போட்டேனே, அதற்கு ஏன் ஊரே ஆறுதல் சொன்னது என்று இப்போதுதான் புரிகிறது. ஒருவர் ‘மனசத் தளர விடாதீங்க சகோதரி’ என்றுகூட எழுதியிருந்தார். பாவம் செங்கோட்டையன், எருமை விற்க ‘நன்றாகக் கறக்கும்;)’ என்று போட்டிருக்கிறார். கண்ணடித்துச் சொன்னால் யார் நம்பி வாங்குவார்கள்?

நம்பாவிட்டால் கௌசிகாவின் போனில் நீங்களே தட்டிப் பாருங்கள். ஆனால் என்மேல் உள்ள கோபத்தைக் கண்மேல் காட்டாதீர்கள். ஐந்தாம் தேதி நான் வருவேன். கதவைச் சாத்தினால் வாசலில் உட்காருவேன்.

உங்கள் ருக்கியா


வடகரப்பதி
19.1.2026

அன்புள்ள ருக்கியாவுக்கு,

அன்பு வந்துவிட்டது, பார்த்துக்கொள். கௌசிகாவின் போனை வாங்கி நானே தட்டினேன். எட்டு, அடைப்பு. டக்கென்று வந்து நின்றான் கண்ணாடிக்காரன்! நான் போட்ட கூச்சலில், தேங்காய் உரித்துக்கொண்டிருந்த சுப்பாத்தாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “ஏனுங்க, பாம்புங்களா?” அப்புறம் மூன்று பேருமாகச் சாயங்காலம் வரை தட்டித் தள்ளிவிட்டோம். பலகை முழுக்க எங்கள் மூஞ்சிகள்தான். நவீன்குமார் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு.

உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சந்துருதான் விடுகிறபாடாக இல்லை, தினமும் கண்ணைப் பற்றியே கேட்கிறான். இப்போது எனக்கு ஒரு யோசனை. எல்லாம் பலகையின் கோளாறு, என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? நவீன்குமாரே சாட்சி! நீயும் ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவான்.

உன் கமலா அக்கா


காந்தலூர்
23.1.2026

அன்புள்ள கமலாக்காவுக்கு,

சொல்ல மாட்டேன். பலகை தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது, நாம் தெரிந்தே அதைப் பொய்யாக்குவதா? கண்ணுக்குத் துணையாக வருவேன், பொய்க்குத் துணையாக வர மாட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

இடது கண் தெளிந்தபின் தென்னை உச்சியில் குரும்பைகூடத் தெரிகிறது என்று என்னிடம் குதித்தீர்களே, அதையே சந்துருவிடம் சொல்லுங்கள். தோப்பு தானாக உங்கள் கையில் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

இன்னொன்று: உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று பலகையில் உங்கள் பெயரை ஒன்பதுக்கு இறக்கிவிட்டேன். எட்டில் இப்போது பெருமாட்டி ஜெகன். ‘கண்ணாடி எனக்குத்தான்’ என்று ஆள் ஒரே குதியாகக் குதிக்கிறார்.

உங்கள் ருக்கியா


வடகரப்பதி
28.1.2026

அன்புள்ள ருக்கியாவுக்கு,

சந்துருவிடம் சொல்லிவிட்டேன்! எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல். பிறகு, “ஏம்மா, தோப்ப விட்டு வரச் சொல்லுவேன்னு பயந்துட்டயா?” என்றான். “ஆமாண்டா” என்றேன், அழுகை வந்துவிட்டது. உடனே வீடியோவில் வந்து, கிணற்றோரத்து மரத்தைக் காட்டச் சொல்லிப் பரீட்சை வைத்தான். “உச்சில பாளை எத்தனைம்மா?” நிமிர்ந்து பார்த்தேன். விரிந்தது மூன்று, விரியாதது ஒன்று என்றேன். “எனக்குக் கண்ணாடி போட்டும் ஒண்ணும் தெரியல, உனக்கு எப்படிம்மா தெரியுது?” என்று சிரித்துவிட்டான். “சரி, தோப்பப் பத்தி இனிப் பேசல. ஆனா அஞ்சாந்தேதி நான் கூட இருப்பேன்.”

அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுகிற ஆள். அவனையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள நீ முதல் நாளே வந்துவிடு.

அதெல்லாம் இருக்கட்டும். என் எட்டைத் தூக்கி ஜெகனுக்குக் கொடுக்க உன்னை யார் சொன்னது? அவன் என்ன ஆபரேஷன் செய்துகொண்டானா? உடனே திருப்பி வாங்கு. பிப்ரவரி பதினைந்தாம் தேதி சந்தைக்கு நான் கறுப்புக் கண்ணாடியோடுதான் வருவேன். ஊர் முழுக்கப் பார்க்கட்டும்.

பேனாவால் போட்டாலும் மூஞ்சி வருகிறதா என்று இங்கே போட்டுப் பார்க்கிறேன்:

8)

வரவில்லை. நீ நேரில் வந்துதான் பார்க்க வேண்டும்.

உன் கமலா அக்கா